முனியப்பன் போட்ட முதல் கியர்

இதைச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நான் காத்து கருப்பு, பேய் பிசாசு எதையும் நம்புகிற ஆள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். நீல லிட்மஸ் அமிலத்தில் சிவப்பாகும் என்று புத்தகத்தில் இருந்தாலும், முக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறவள். ஸ்டாஃப் ரூமில் யாராவது எங்கள் தெருவில் கொலுசுச் சத்தம் கேட்டது என்று ஆரம்பித்தால், விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு வேறு நாற்காலிக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்ட நான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சிரிக்கலாம். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சிரிக்கிறார். ஆனால் அந்தக் கோயிலைத் தாண்டும்போது அவரும் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுகிறார், அதையும் நான் கவனித்துக்கொண்டுதான் வருகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், மலர்விழி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போன ஐப்பசியில் நீண்ட லீவு போட்டுவிட்டு அரூருக்கு வந்தவள், இட்லியைப் பிட்டுக்கொண்டே, "ம்மா, சைக்கிள்ல அருணாச்சலம் போறேன்" என்றாள். நான் திருவண்ணாமலை என்று நினைத்துக்கொண்டு, "போயிட்டு வா கண்ணு, தீபத்துக்கு முன்னாடி போனா கூட்டம் இருக்காது" என்று இன்னொரு கரண்டி சட்னியும் ஊற்றினேன். அவள் சொன்னது அருணாச்சலப் பிரதேசம். அஸ்ஸாமையும் தாண்டி, சீனா எல்லையில் இருக்கிறது. அதுவும் தனியாக.

"ஏங்க, கேட்டீங்களா இவ சொல்றத" என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"கேட்டேன். வர்ற வழியில நல்ல டீத்தூளா பார்த்து வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார் அவர். அவர் கடைவீதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார் எரிந்துபோய்த் தென்னை வாடுகிறது என்று வந்து நிற்கிறவர்களைத் தினமும் பார்த்துப் பார்த்து அவருக்குப் பதற்றமே வராமல் போய்விட்டது. எங்கள் வீட்டில் பயப்படுகிற வேலை முழுவதும் என் தலையில்தான்.

அந்தச் சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நடந்தது எவ்வளவு நடக்கக் கூடாத விஷயம் என்று உங்களுக்குப் புரியாது. சாதாரண கியர் சைக்கிளில் பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் அடுக்கடுக்காக வெளியே தெரியும், செயின் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். இதில் அப்படி எதுவும் கிடையாது. பின்சக்கரத்தின் நடுவில் உரித்த தேங்காய் அளவுக்கு ஓர் உருண்டை, அதை ஹப் என்கிறார்கள், எட்டு கியரும் அதற்குள்ளேயே அடைந்து கிடக்கின்றன. சேறும் மழையும் உள்ளே போகாது, தூரப் பயணத்துக்கு இதுதான் நல்லது என்றாள் மலர். ஹேண்டில்பாரில் ஒரு பிடி, அதில் ஒன்றிலிருந்து எட்டு வரை எண்கள். பிடியைத் திருகினால் ஒரு கேபிள் இழுபடும், அது ஹப்பின் ஓரத்தில் இருக்கிற வளையத்தைத் திருப்பும், கியர் ஏறும். கேபிளைத் தளர்த்தினால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அந்த வளையத்தைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும், கியர் இறங்கும். கேபிளைக் கழற்றிவிட்டால் முதல் கியரில்தான் நிற்கும், வேறு எதிலும் நிற்கவே நிற்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தேர்வில் கட்டாயம் வரும்.

அவள் கிளம்புவதற்கு நாள் நெருங்க நெருங்க நான் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. லாரி கனவில் வந்தது. லாரி என்றால் சும்மா இல்லை, தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் இறங்கி வருகிற லாரி. இதையெல்லாம் பார்த்த என் நாத்தனார் செல்விதான், "அண்ணி, இப்படியே போனா நீங்க படுத்துருவீங்க, பூட்டு முனியப்பனுக்கு ஒரு பூட்டைப் போட்டுட்டு வந்துருவோம்" என்றாள்.

பொம்மிடி போகிற வழியில், மலையடிவாரத்தில் ஒரு முனியப்பன் இருக்கிறார், உட்கார்ந்திருக்கும்போதே அண்ணாந்துதான் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் முன்னால் ஓர் இரும்புக் கிராதி, அதில் மாம்பழக் குலை மாதிரிப் பூட்டுகள் தொங்கும். நினைத்ததைச் சொல்லிவிட்டுப் பூட்டைப் போட்டுச் சாவியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நினைத்தது நடந்தால் திரும்பப் போய்ப் பூட்டைத் திறந்துவிட்டு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும். நம்பிக்கை இல்லாதவள் எதற்குப் போனாய் என்று கேட்பீர்கள். நாத்தனார் பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். மலரும் கூடவே வந்தாள். "நீ அழுவாம இருப்பேன்னா எத்தனை பூட்டு வேணாலும் போடும்மா" என்று சிரித்துக்கொண்டே கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்தி, அதற்கும் விபூதி வைத்துக்கொண்டாள்.

எனக்கு வேண்டுதல் நிறைய இருந்தது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், காய்ச்சல் வரக் கூடாது, கெட்டவன் எவனும் எதிர்ப்படக் கூடாது, லாரிக்காரன் தூங்கக் கூடாது, செல்போனில் சார்ஜ் குறையக் கூடாது. நான் ஆரம்பித்ததும் பூசாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"டீச்சரம்மா, ஒரு பூட்டுக்கு ஒண்ணுதான். அதையும் சுருக்கமா சொல்லிருங்க, வெளிய ஆளுங்க நிக்கறாங்க."

எது ஒன்றைக் கேட்டால் மற்றதெல்லாம் அதிலேயே அடங்கும் என்று யோசித்தேன். அடிபடுவதெல்லாம் வேகத்தினால்தான். கண்ணை மூடிக்கொண்டு, "என் மக வேகமாப் போகக் கூடாது" என்று சொல்லிப் பூட்டைப் போட்டேன். ஆய்வகத்தில் சாவிகளுக்கு அடையாளம் வைக்கிற பழக்கத்தில், பூட்டின் மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளியும் வைத்தேன். மலர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் அவள் பைகளையெல்லாம் கட்டிக்கொண்டு தீர்த்தமலை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். டிபனுக்குத் திரும்பி வருவதாகச் சொன்னவள் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வந்தாள். முகமெல்லாம் வேர்த்து, தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கொண்டு.

"ம்மா, கியர் ஒண்ணுலயே மாட்டிக்கிச்சு. ஃபேன் மாதிரி பெடல் சுத்துது, வண்டி போகவே மாட்டேங்குது. ஆடு ஓட்டிட்டு வந்தவரு கூடவே நடந்து வந்தாரு. அவரு பேரப்பிள்ளைங்க கதையெல்லாம் கேட்டுட்டு வரேன்."

எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மறுநாளிலிருந்து எங்கள் முன்கூடம் பட்டறை ஆகிவிட்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாள். முதலில் கேபிள் தளர்ந்திருக்கும் என்றாள். ஹப்பில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது, அதற்குள் இரண்டு மஞ்சள் கோடுகள். பிடியை நான்கில் வைத்தால் இரண்டு கோடுகளும் நேருக்கு நேர் சேர வேண்டும், சேரவில்லை என்றால் ஒரு திருகைத் திருகிச் சேர்க்க வேண்டும். அவள் சேர்த்தாள். கோடுகள் அழகாகச் சேர்ந்தன. பெடலைச் சுற்றினால் அதே முதல் கியர். கேபிளுக்குள் துரு இருக்கும் என்று புது கேபிள் போட்டாள். முதல் கியர். அச்சில் இருக்கிற வாஷர் திரும்பியிருக்கும் என்று சக்கரத்தையே கழற்றி மாட்டினாள். முதல் கியர். வளையத்துக்குள் தீர்த்தமலை மண் போயிருக்கும் என்று பழைய டூத் பிரஷை வைத்துத் தேய்த்துக் கழுவினாள். முதல் கியர்தான்.

பெங்களூர் கடைக்காரரை வீடியோவில் கூப்பிட்டாள். போனைப் பிடித்துக்கொள்கிற வேலை எனக்கு. "அம்மா, ஹப்பைக் காட்டுங்க, நீங்க சீலிங் ஃபேனைக் காட்டறீங்க" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "வெளியில எல்லாம் கரெக்டா வேலை செய்யுது. உள்ள இருக்கறதுதான் கேக்கல. பிரிச்சு எண்ணெயில முக்கி எடுத்துப் பாருங்க" என்றார். பிரித்தாள். உள்ளே இருந்ததைப் பார்த்த என் வீட்டுக்காரருக்குத்தான் ஒரே ஆசை, பல்சக்கரத்துக்குள் பல்சக்கரம், அதற்குள் இன்னொன்று.

"காயில் போயிருக்கும்" என்றார்.

"இதுல காயிலே கிடையாதுப்பா."

"அப்ப அதான் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு ஒரு மரச்சுத்தியைக் கொண்டுவந்தார். அவள் அதைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். எண்ணெயில் முக்கி, உடைந்த பல் ஒன்றுகூட இல்லை என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, திரும்பப் பூட்டினாள். வீடு முழுக்க எண்ணெய் வாடை. பெடலைச் சுற்றினாள். முதல் கியர்.

அப்போதுதான் மாடிப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த செல்வி கேட்டாள், "அண்ணி, அன்னைக்கு முனியப்பன்கிட்ட நீங்க என்ன கேட்டீங்க?"

"வேகமாப் போகக் கூடாதுன்னு."

செல்வி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். மலர் என்னைப் பார்த்தாள். வீட்டுக்காரர் அப்பளம் கடிப்பதை நிறுத்தினார். அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நானும்தான் சிரித்தேன். பிரேக் வேலை செய்கிறது, டயர் நன்றாக இருக்கிறது, அவள் மேல் ஒரு கீறல் இல்லை, கேட்டதை மட்டும் அளந்து கொடுத்திருக்கிறார் என்று நானே கிண்டல் செய்தேன். நம்பவில்லை என்பதால்தானே கிண்டல் செய்ய முடிந்தது.

சிரிப்பு இரண்டு நாள்தான் இருந்தது. மூன்றாம் நாள் மலர் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். "ம்மா, இது சரிப்பட்டு வராது. ஃப்ரெண்டோட ரோடு பைக்கை எடுத்துக்கறேன். இதைவிட லேசு. செமையா பறக்கும்."

போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டயர் என் சுண்டுவிரல் தடிமன்தான் இருந்தது. சைக்கிள் என்று சொல்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை, கோடு போட்ட மாதிரி இருந்தது. ஹேண்டில் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் உட்கார்ந்து இவள் மூன்று மாதம் நெடுஞ்சாலையில் லாரிக்கு நடுவில் பறக்கப் போகிறாள். நான் எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து மரச்சுத்தியை எடுத்து வந்து அவள் அப்பாவிடம் கொடுத்தேன். "ஏங்க, இந்த சைக்கிளையே எப்படியாச்சும் ஓட வைங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கியரைப் பற்றி என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டவர்கள் யாரும் இல்லை. கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் படித்தேன். கிராங்க், ஷிஃப்டர், கேஸட் ஜாயின்ட் என்று பேச ஆரம்பித்தேன். வகுப்பில் ஒரு பையன் வினைவேக மாற்றி என்றால் என்ன என்று கேட்டதற்கு எட்டு கியர் ஹப் என்று சொல்லிவிட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியாகப் பெங்களூர்க் கடைக்காரர், சைக்கிளோடு கொண்டு வந்துவிடுங்கள், முடிந்தால் பார்ப்பேன், இல்லையென்றால் ஹப்பையே தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார். வேறு ஹப் கிடைக்க மாதக்கணக்கில் ஆகுமாம். அதாவது, முடியவில்லை என்றால் அந்தச் சுண்டுவிரல் டயர்தான்.

பொம்மிடியில் ரயிலேற்றிவிடலாம் என்று முடிவானது. ரயிலில் போட வசதியாக மலர் கியர் கேபிளை முழுவதும் கழற்றிச் சுருட்டித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். சைக்கிளைக் குட்டியானை லோடு வண்டியின் பின்னால் படுக்க வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். வீட்டுக்காரர் ஓட்டினார், மலர் முன்னால், நானும் செல்வியும் பின்னால் சைக்கிளுக்குக் காவல்.

கோயில் நெருங்கியதும் நான் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்காதீர்கள். வேதியியலில் கட்டுப்பாட்டுச் சோதனை என்று ஒன்று உண்டு, மற்றதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு ஒன்றே ஒன்றை மாற்றிப் பார்ப்பது. அதைத்தான் செய்யப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாவி என் ஹேண்ட்பேக்கில்தான் இருந்தது.

உச்சி வெயில். ரோட்டில் ஒரு வண்டி இல்லை. அப்பனும் மகளும் எதிர்ச்சாரியில் புளியமரத்தடியில் கரும்புச்சாறு குடிக்கப் போனார்கள். நானும் செல்வியும் உள்ளே போனோம். பூசாரி துண்டை விரித்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன டீச்சரம்மா, நெனச்சது நடந்துச்சா?"

"நடந்துச்சுங்க. கொஞ்சம் அதிகமாவே நடந்துச்சு."

கிராதியில் என் பூட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாம் வாசல் கடையிலேயே வாங்கிய ஒரே மாதிரிப் பூட்டுகள். நெயில் பாலிஷ் வைத்த புத்திசாலி நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். சிவப்புப் புள்ளி, ரோஸ் புள்ளி, ஒன்றில் மினுமினுக்கிற புள்ளிகூட இருந்தது. நான் சாவியை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்க்க, "அண்ணி, அடுத்தவங்க பூட்டைத் திறந்து வச்சிராதீங்க, யாரு வூட்டுல என்ன ஆவுமோ" என்று செல்வி பின்னால் நின்று பதறினாள். கடைசியில் ஓரத்தில் ஒன்றில் சாவி போனது.

பூசாரி, "திறக்கறப்ப எதையும் கேக்கக் கூடாது. கும்பிட்டுட்டுத் திறங்க" என்றார்.

நானும் வாயை மூடிக்கொண்டுதான் திறக்க இருந்தேன். ஆனால் சாவியைத் திருப்புகிற அந்த நேரத்தில் அஸ்ஸாமில் எங்கோ ஒரு காட்டு ரோட்டில் இவள் இருட்டில் தனியாக ஓட்டிப் போவது கண் முன்னால் வந்துவிட்டது. "ராத்திரியில மட்டும் ஓட்டக் கூடாது சாமி" என்று வாயில் வந்துவிட்டது.

பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். பூட்டு திறந்தது.

இப்போது சொல்வதைத்தான் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பூட்டு திறந்த உடனே வெளியே வண்டியிலிருந்து சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் விட்டு, டக். திரும்பவும் டக். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வாரக்கணக்கில் என் முன்கூடத்தில் அந்தச் சத்தத்துக்காகத்தானே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது கியர் ஏறுகிற சத்தம். செல்வி என் கையைப் பிடித்தாள். பூசாரி மட்டும், "வண்டியில என்னமோ விழுவுது பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார்.

ஓடி வந்து பார்த்தேன். வண்டிப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அப்பனும் மகளும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டம்ளரும் கையுமாக நிற்கிறார்கள். சைக்கிள் கட்டியது கட்டியபடியே கிடக்கிறது. ஹப்பின் சின்ன ஜன்னலில் குனிந்து பார்த்தேன். இரண்டு மஞ்சள் கோடுகளும் நேருக்கு நேர் சேர்ந்து நிற்கின்றன. நான்காவது கியர். ஒன்றிலிருந்து நான்குக்கு மூன்று டக். கேபிள் மலரின் கைப்பையில், கைப்பை மலரின் தோளில்.

"மலரு, இங்க வா" என்று கூப்பிட்டேன். செல்வியும் சேர்ந்து கூப்பிட்டாள்.

வந்தவள் பார்த்துவிட்டு முதலில் என் மேல்தான் பாய்ந்தாள். "ஏம்மா இதைத் தொட்ட? கம்பி கிம்பி எதையாவது சொருகி வச்சியா?"

"நான் உள்ள இருந்தேன்டி. வேணும்னா அத்தையைக் கேளு."

"அத்தை, யாரு தொட்டது?"

"யாரும் தொடல கண்ணு" என்றாள் செல்வி. "நாங்க வர்றதுக்குள்ள அதுவே மாறியிருக்கு."

மலர் அந்த வளையத்தில் விரலை வைத்துத் தள்ளிப் பார்த்தாள். ஸ்பிரிங் இழுக்க வேண்டிய பக்கம் அது போகவில்லை. யாரோ அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி நின்றது. கயிற்றை அவிழ்த்து, சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றினாள். இத்தனை நாளும் சோம்பேறியாகச் சுற்றிய சக்கரம் விர்ரென்று போனது. அவள் கைப்பையிலிருந்து கேபிளை எடுத்து அங்கேயே மாட்டினாள். மாட்டி முடித்ததும்தான் அந்த வளையம் ஸ்பிரிங்குக்குக் கட்டுப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரைக்கும் ஏறியது, எட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது. ரோட்டில் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள்.

"வெயில்ல சூடேறி விட்டுருக்கும்" என்றார் வீட்டுக்காரர். "மோட்டார்லகூட சில சமயம் இப்படித்தான்."

"சரி, விட்டுருச்சு. கேபிள் இல்லாம நாலுல எப்படிங்க நின்னுச்சு?"

அவர் கரும்புச்சாற்றில் மிச்சம் இருந்த ஐஸைக் கடித்தார். மலர்தான் சொன்னாள், "ம்மா, ஓடுதுல்ல. விடு." நாங்கள் ரயிலேறாமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பினோம். தேங்காய் உடைக்க மறந்துவிட்டேன் என்பது பாதி வழியில்தான் நினைவு வந்தது, திரும்பிப் போய் உடைத்துவிட்டு வந்தோம். இரண்டாவது தடவை நான் வாயைத் திறக்கவே இல்லை.

அடுத்த வாரம் கிளம்பிவிட்டாள். நான் வாசலில் நின்று அழவில்லை, உள்ளே போய்த்தான் அழுதேன். ஆந்திரா முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை. ஒடிசாவுக்குள் போன பிறகு ஒரு நாள் போனில், "ம்மா, ஒரு வேடிக்கை கேளு. பொழுது சாஞ்சா கியர் ஒண்ணுக்கு இறங்கிருது. காலைல தானா சரியாயிருது" என்றாள்.

போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். செல்விதான் பக்கத்தில் இருந்து, "ராத்திரியில ஓட்டக் கூடாதுன்னு நீங்கதான அண்ணி கேட்டீங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

நான் விடவில்லை. குளிரில் உலோகம் சுருங்கும், எண்ணெய் கெட்டிப்படும், அதனால் இருக்கும் என்றேன். ஆனால் பனி கொட்டுகிற விடியற்காலையில் எட்டு கியரும் வேலை செய்கிறது, சாயங்காலம் வெதுவெதுப்பாக இருந்தாலும் இறங்கிவிடுகிறது என்கிறாள். வழியில் இரண்டு ஊரில் காட்டினாள், ஒன்றும் குறையில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. இருட்டுவதற்கு முன்னால் ஏதாவது ஊரில் தங்கிவிடுகிறாள், வேறு வழியில்லாமல். எனக்கு அதில் சந்தோஷம்தான் என்றும் சொல்ல வேண்டும்.

அஸ்ஸாம் போன பிறகு ஒன்றைக் கவனித்தேன். அங்கே நமக்கு முன்னாலேயே இருட்டிவிடுகிறது. நான் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பாடவேளை முடித்து வரும்போதே அவள் லைட் போட்டுவிடுகிறாள். இங்கே இருக்கிற முனியப்பன் என்றால் நம் ஊர்ப் பொழுதைத்தானே பார்க்க வேண்டும், கியர் நம் இருட்டுக்குத்தானே இறங்க வேண்டும். அப்படி இல்லை. அங்கே பொழுது சாய்கிற நேரத்துக்குச் சரியாக இறங்குகிறது. இதை வைத்து ஒரு முடிவுக்கு வரலாம். வராமலும் இருக்கலாம். நான் வரவில்லை.

நேற்று முன்தினம் கூப்பிட்டாள். வழியில் கேரளாவிலிருந்து சைக்கிளில் வந்த கணவன் மனைவி இரண்டு பேரைப் பார்த்தாளாம். அவர்கள் ஹேண்டில்பாரில் ஆளுக்கொரு குச்சி செருகி வைத்திருக்கிறார்கள், நாய்க்கு. போகிற ஊரிலெல்லாம் நாய் துரத்துவதுதான் அவர்களுக்குப் பெரிய பாடாம்.

"எனக்கு அந்தப் பிரச்சினையே இல்லம்மா" என்றாள். "இவ்வளவு தூரத்துல ஒரு நாய்கூடத் துரத்தல. குரைச்சுட்டுத்தான் ஓடி வருது. பக்கத்துல வந்ததும் நின்னுருது. வாலை மடக்கிட்டு அப்படியே உக்காந்துக்குது."

"உன் மூஞ்சியப் பார்த்தாவா அதுக்குப் பயம்" என்றேன், சிரிப்பதற்காக.

"என்னைப் பார்க்கலம்மா. எனக்குப் பின்னாடி பார்க்குது. கொஞ்சம் மேல."

"எவ்வளவு மேல" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்னும் தெரியவில்லை.

அவள் யோசித்துத்தான் சொன்னாள். 

"லாரி டிரைவர் உக்காந்திருப்பாரே, அந்த உயரம் இருக்கும்" என்றாள்.

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.